கீழ்முனையில் நிற்பவர்

'முடியாது' என்ற சொல் மாடிப்படியின் வாயில் வராது. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி அது. முதுகுத்தண்டில் வந்தது அவருக்கு இரண்டாவது வியாதிதான், இதுதான் முதலாவது என்று அவர் மனைவி சொல்வாள்.

மாடிப்படி என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் குழுவில் பாதி ஆயுளைக் கழித்தவர். லிஃப்ட் இல்லாத கட்டடம், ஆள் திரும்பவே இடமில்லாத படிக்கட்டு, கதவைவிடப் பெரிய சோபா என்று தகவல் வந்தால் முதலாளி வேறு யாரையும் யோசிக்க மாட்டார். கனமான சாமானைப் படியில் இறக்கும்போது மேல்முனையை ஒருவரும் கீழ்முனையை ஒருவரும் பிடிப்பார்கள். பாரம் முக்கால்வாசி கீழே நிற்பவர் மேல்தான் சாயும். நடுவில் சாமான் மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆகவே கீழே நிற்பவர் படிக்குப் படி "வரட்டும்" என்று குரல் கொடுக்க வேண்டும். விரல் நசுங்கினாலும் மூச்சு முட்டினாலும் "வரட்டும்"தான். பாதிப் படியில் நின்றுகொண்டு முடியாது என்று கத்தினால் மேலே இருப்பவர் பதறிப் பிடியை விட்டுவிடுவார். அப்புறம் இருவரையும் சேர்த்துத்தான் அள்ள வேண்டும்.

மாடிப்படி எப்போதும் கீழ்முனைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மேலே பிடித்திருந்தவரின் கை வழுக்கி, ஆள் உயர ஃப்ரிட்ஜ் ஒன்று சரிந்து வந்து அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியது. அப்போதும் அவர் "வரட்டும்" என்றுதான் சொன்னார் என்று கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இடுப்பில் நரம்பு நசுங்கிவிட்டது. இடது கால் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. நல்ல நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வருவார். கெட்ட நாளில் புரண்டு படுக்கவே ஆள் வேண்டும். நாளை எந்த நாள் என்பது நாளைக் காலையில்தான் தெரியும்.

குடியிருப்பு அரசாங்கத்துடையது. வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஊரில் உள்ள படிக்கட்டுகளையெல்லாம் ஏறி இறங்கிய மனிதர் தன் வீட்டுப் படிக்கட்டில் இறங்க வழியில்லாமல் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடல் குறைபாட்டுக்கான உதவிக்குத் தகுதி உண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதோடு தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கொடுப்பார்கள். தையல்காரியான அவர் மனைவிக்குத் தொகையைவிட அந்தத் தரைத்தளம்தான் பெரிதாகத் தெரிந்தது. வாசற்கதவைத் திறந்தால் தெரு. அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் தடவை விண்ணப்பித்தபோது மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவசர வேலையாகத் தைத்த துணியை அன்றே கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் கூடப் போகவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. ஓர் இளம் டாக்டர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார். தானாகக் குளிக்க முடியுமா? முடியும். உடுத்த முடியுமா? முடியும். நிற்க, நடக்க, குனிய? முடியும், முடியும், கொஞ்சம் முடியும். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. மனுதாரர் தன் அன்றாடக் காரியங்கள் அனைத்தையும் பிறர் உதவியின்றிச் செய்துகொள்வதால் தகுதி இல்லை.

அவள் அதை உரக்கப் படித்தாள். பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருங்க இந்த ஆளு? எல்லா வேலையும் தானே செய்றாராம். என்னை இவருக்குக் கட்டி வச்சிருக்கலாமே."

மேல்முறையீட்டில் இன்னொரு மதிப்பீடு கிடைத்தது. இதிலும் தள்ளிவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவள் எதையும் விதியிடம் விடுவதாக இல்லை. தம்பியைக் கூப்பிட்டு ஒத்திகை வைத்தாள். தம்பி அதே குழுவில் வேன் ஓட்டுகிறவன். அக்காவின் அளவு டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு டாக்டராக உட்கார்ந்தான்.

"குளிக்க முடியுமா?"

"தினமும் குளிக்கிறேனே."

"அதைக் கேக்கல. யாரு குளிப்பாட்டுறாங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாடா?"

"நான் டாக்டர் மாமா. டா போடாதீங்க."

மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள். "எழுதிக்கோங்க டாக்டர். நோயாளிக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

நான்கு மாலை ஒத்திகை பார்த்தும் தேறவில்லை. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் "கொஞ்சம் சிரமம்" என்பது வரைக்கும்தான் வந்தார். அதற்கே பெரிய தியாகம் செய்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. பாழாய்ப் போனது, நல்ல நாளாக வந்து தொலைத்தது. கால் ஓரளவு இருந்தது. இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்றார். வீட்டுச் சட்டையே போதும் என்று அவள் சொன்னதற்கு, பிச்சை கேட்கவா போகிறோம் என்றார். அதற்கு மேல் அவளும் வாதாடவில்லை. முகத்தைச் சவரம் செய்துவிட்டாள், கையைத் தூக்கிச் சட்டைக்குள் விட்டாள், பொத்தான் போட்டாள், தரையில் உட்கார்ந்து காலுறையை மாட்டி ஷூ நாடாவைக் கட்டினாள். எழுந்து நின்று பார்த்தாள். எதிரே யார் தயவும் தேவைப்படாத ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரமாகத் தன் கையாலேயே தனக்கு எதிர்சாட்சியைத் தயார் செய்திருப்பது அவளுக்குப் புரிந்தது.

தம்பியும் குழுவில் இன்னொருவரும் வந்து, கை வைத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பீரோ இறக்கும் வார்பட்டையைப் போட்டு இறக்கினார்கள். இறங்கும் வழியெல்லாம் அவர் விடவில்லை. இடது மூலை இடிக்கும், சரி, இன்னும் கொஞ்சம் சாய், கைப்பிடியைப் பார்.

"சோபாவுக்குக்கூட இவ்வளவு வாய் கிடையாது மாமா," என்றான் தம்பி, கீழ்முனையிலிருந்து.

மதிப்பீட்டு அலுவலகத்தில் நீளமான ஹால். சுவரோரமாகக் கம்பியில் கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் நம்பர் ஒளிரும் பலகை, ஊன்றுகோல் வைக்க இடமில்லாமல் மடியில் வைத்திருந்த ஜனங்கள். வேனிலிருந்து ஹால் வரை அவர் ஒரு கையில் தடியும் மறு கையில் மனைவியின் தோளுமாக நடந்து வந்து, உள் அறைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி வேனை நிறுத்த இடம் தேடிப் போனான். முன்னால் இரண்டு டோக்கன் இருந்தது.

அப்போதுதான் அந்த பீரோ வந்தது.

கடைநிலை ஊழியர்கள் இருவர் ஓர் இரும்பு பீரோவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்து வந்தார்கள். கதவு நிலையில் ஒரு சின்னப் படி. முன்னால் முதுகுப்பக்கமாக நடந்து வந்தவர் வயதானவர். படியில் குதிகால் தட்டித் தடுமாறினார், பிடி நழுவியது, பீரோ அவர் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

தையல்காரி "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலி காலி. தடி தரையில் கிடந்தது. அவள் கணவர் பீரோவுக்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

"வரட்டும்," என்றார்.

மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுத் தள்ளினார். மாடிப்படி பீரோவை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, நிலையைத் தாண்டவிட்டு, உள்ளே தரையில் சத்தமில்லாமல் வைத்தார். தள்ளாடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எல்லாம் கண் மூடித் திறக்கும் நேரம்தான்.

ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின. பின்வரிசையில் ஒருவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"இந்த ஊனம் எங்க கிடைக்குதுன்னு கேளுங்கப்பா. எனக்கும் ஒண்ணு வேணும்."

அவளுக்குச் சிரிப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. எதிர்ப்பக்க அறை வாசலில், அடுத்த ஆளை அழைக்க வந்த டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தரைத்தளத்து வாசற்கதவு அவள் மனதுக்குள் மெல்லச் சாத்திக்கொண்டது.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

"அந்தாளு கால் போயிருக்கும்மா."

"நம்ம கால்?"

அவர் கீழே கிடந்த தடியைப் பார்த்தார். தம்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ரொம்ப நல்லது மாமா. அப்படியே உள்ள போய் டாக்டரையும் தூக்கிக் காட்டிடுங்க, வேலை முடிஞ்சுது."

மாடிப்படி சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அவள் கவனித்தாள். காதோரம் வியர்வை கோத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இடது கால் ஷூவோடு மெல்ல முன்னால் சரிந்துகொண்டே போனது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அது தரையில் கிடந்தது. அவள் குனிந்து அதை எடுத்து நேராக வைத்தாள். மறுபடியும் சரிந்தது. வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

பலகையில் அவர் நம்பர் ஒளிர்ந்தது. உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள்.

"இதோ வர்றேன்," என்றார். நாற்காலிக் கையை அழுத்தினார். உடம்பு எழவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று இரண்டாவது முறையும் சொன்னார்.

டாக்டரம்மாவே வெளியே வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, நேராக வந்து பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவசரமில்லை என்றார். அதற்குள், நசுங்காமல் கால் தப்பிய அந்த வயதான ஊழியர், யாரும் சொல்லாமலே எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அதன் ஒரு சக்கரம் அழுதுகொண்டே வந்தது. தம்பியும் அவருமாக மாடிப்படியைத் தூக்கி அதில் வைத்தார்கள்.

அறையில் ஒரு மேஜை, ஒரு பரிசோதனைக் கட்டில், ஆறிப்போன ஒரு கப் டீ. டாக்டரம்மா சின்னச் சுத்தியால் முழங்காலைத் தட்டினார், ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார், காலைத் தூக்கச் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்ற பதில்தான். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"பீரோவைப் பிடிச்சது நீங்கதானே?"

தையல்காரி வாயைத் திறந்தாள். அவரே சொல்லட்டும்மா என்பது போல டாக்டரம்மா கையைக் காட்டினார்.

"விழுந்துடும்னு பிடிச்சேங்க," என்றார் மாடிப்படி, பொருளை உடைத்துவிட்ட பையன் மாதிரி.

"சரி. இப்ப இன்னொரு பீரோ வருது. விழப் போகுது. பிடிப்பீங்களா?"

அவர் வாய் தானாகத் திறந்தது. வரப்போகும் சொல் என்ன என்று தையல்காரிக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள். சொல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தன் இடது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவள் கட்டிய நாடா அப்படியே இருந்தது.

"முடியாது," என்றார். கொஞ்சம் பொறுத்து, அது தன் குரல்தானா என்று சரிபார்ப்பவர் போல மறுபடியும் சொன்னார். "முடியாதுங்கம்மா."

இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடமாக அவரோடு மல்லுக்கட்டியவள் அவள். கேட்டபோது சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். குனிந்து அவர் இடது காலை எடுத்து மறுபடி நேராக வைத்தாள்.

டாக்டரம்மாவுக்கு அது சாதாரணச் சொல். தலையாட்டிக்கொண்டார். "ஒரு தடவை செஞ்சதைப் பாத்துட்டு நாங்க முடியும்னு எழுதக்கூடாது. திரும்பத் திரும்பச் செய்யணும். ஆபத்தில்லாமச் செய்யணும். இன்னொருத்தர் கை இல்லாமச் செய்யணும். அப்பத்தான் அதுக்கு முடியும்னு பேரு. போன தடவை இதை யாராவது சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை.

"அப்ப நான் கேள்வியை மாத்திக் கேக்குறேன். முடியுமான்னு கேக்கல. யாரு செய்றாங்கன்னு சொல்லுங்க. மாடியிலேருந்து எப்படி இறங்குனீங்க?"

மச்சினன் தூக்கிவந்தான் என்றார். முகச்சவரம்? அவதாங்க என்றார், மனைவி பக்கம் பார்க்காமல். சட்டை? அவதான். ஷூ? அவதான். குளியல்? கொஞ்சம் தயங்கினார். அவதான். கழிப்பறை? தம்பி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். அவதான். ஒவ்வொரு கேள்விக்கும் டாக்டரம்மா ஒரு வரி எழுதினார், ஒவ்வொரு வரிக்கும் அதே பதில்தான். ஹாலில் மறைக்க நினைத்ததெல்லாம் இங்கே வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. தையல்காரிக்கு என்னமோ போல் இருந்தது. அவர் தன் இயலாமையை மறைக்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாள் கோபப்பட்டிருந்தாள். அதைச் சொல்லும்போது சொல்லப்படுவது தன் பெயர் என்று யோசித்ததே இல்லை.

தூக்கம் எப்படி என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரே பக்கமா படுத்தா கால் விறைச்சுடும். ராத்திரியில எழுந்து என்னைத் திருப்பிப் போடுவா. நான் தூங்குற மாதிரியே இருப்பேன்."

"ஏன்?"

"முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா வலிக்குதா, தண்ணி வேணுமான்னு உக்காந்துடுவா. அவ தூக்கம் கெட்டுடும்." நிறுத்திவிட்டு, கேட்காததையும் சொன்னார். "எங்க வேலையில கீழ்முனைன்னு ஒண்ணு உண்டுங்க. பாரமெல்லாம் அந்த ஆளுக்குத்தான். மேல இருக்குறவனுக்கு அந்த ஆள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேக்கும். ரெண்டு வருஷமா அது இவதாங்க. நான் முகத்தைப் பாக்கல."

மேஜை விளிம்பில் ஒரு நூல் பிரிந்து தொங்குவது போல் அங்கேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. இரும்பு மேஜையில் நூல் ஏது? தினமும் நடுராத்திரி கட்டிலைக் கிறீச்சிடவைக்காமல் எழுந்து, மூச்சைப் பிடித்து, தூங்குகிற மனிதரை எழுப்பிவிடாமல் திருப்பிப் போட்ட சாமர்த்தியத்தைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் பெருமை இருந்தது. மனிதர் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

டாக்டரம்மா எழுதி முடித்தார். பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க இடுப்பு எப்படிம்மா இருக்கு?"

இத்தனை காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் தானாக வந்தது.

"பரவாயில்லீங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வீட்டுல ரெண்டு பேருக்கும் இதே வியாதியா?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கும் ஒரு பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். முடிவு தன் ஒருத்தி கையில் இல்லை, மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்றார். தான் பார்த்ததை எழுதியிருப்பதாகச் சொன்னார். பீரோவை எழுதினீர்களா என்று மாடிப்படி கவலையாகக் கேட்டார். அதையும் எழுதினேன், அதற்குப் பிறகு நீங்கள் எழுந்திருக்காததையும் எழுதினேன் என்றார். அதற்குள் பலகையில் அடுத்த நம்பர் ஒளிர்ந்துவிட்டது. சொல்ல நினைத்த நன்றியில் பாதிதான் தையல்காரியால் சொல்ல முடிந்தது.

கடிதம் சில வாரங்களில் வந்தது. இந்தத் தடவை தம்பிதான் படித்தான். தகுதி உண்டு என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் படித்தான். தரைத்தளத்தில் வீடு காலியானதும் மாற்றம் என்று கீழே போட்டிருந்தது.  மாடிப்படி கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். மிஷினில் துணி பாதியில் நின்றது, ஊசி மேலேயே நின்றது.

மீதி நன்றியைச் சொல்லிவிடலாம் என்று அவள் ஒருநாள் அலுவலகத்துக்குப் போனாள். டாக்டரம்மா வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தார். அந்த வயதான ஊழியர்தான் அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். கடிதம் வந்ததைச் சொன்னதும் தன் இரண்டு பாதங்களையும் காட்டி, "ரெண்டும் பத்திரமா இருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றார். டாக்டரம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அவள் திரும்பி வரும் வழியில் தன் இடுப்புப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டாள். குனிந்து தூக்கக் கூடாது என்றார்கள். அவரைத் தூக்க உதவிக்கு வாரத்தில் சில நாள் ஆள் அனுப்பும் ஏற்பாடும் அந்தத் தகுதியிலேயே அடக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீடு மாறும் நாளில் குழு முழுக்க வந்து நின்றது. கூலி பேச்சே எழக்கூடாது என்று முதலாளியும் வந்திருந்தார். முதல் சாமானாக மாடிப்படியை நாற்காலியோடு இறக்கி, அதே கட்டடத்துத் தரைத்தளத்தில் இருந்த புதிய வீட்டு வாசலில் வைத்தார்கள். வாசல் என்றால் நிஜமான வாசல். இரண்டடி தள்ளித் தெரு. போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் முகத்துக்கு நேராகப் போனார்கள், வந்தார்கள். அவரும் ஒருவர் விடாமல் நலம் விசாரித்தார்.

ஒத்திகையில் வராத சொல் இப்போது சரளமாக வந்தது. பட்டாணி உரித்துத் தர முடியுமா என்று முந்தின நாள் அவள் கேட்டதற்கு முடியாது என்றார். கேட்டவளையே பார்த்துச் சிரித்துவிட்டுப் பிறகு உரித்துக் கொடுத்தார். கத்துக்கொடுத்தது தப்பாகப் போய்விட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவளுடைய தையல் மிஷின் இறங்கியது. தம்பி கீழ்முனை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் வைக்கும் சத்தம் கேட்டதுமே கீழேயிருந்து அறிவிப்பு ஆரம்பமாகிவிட்டது. இடது பக்கம் தள்ளு, சக்கரம் இடிக்கும், அங்கே ஒரு படி உடைஞ்சிருக்கு, பாத்து.

"மாமா," மேலிருந்து தம்பியின் குரல் மூச்சு வாங்க வந்தது. "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க முடியுமா?"

மாடிப்படி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"முடியாது," என்றார். பிறகு படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார். "வரட்டும்."